சிகாகோவை மூடிய புழுதி: உழாமல் விதைக்க இயந்திரம் இருந்தும் அமெரிக்க விவசாயிகள் ஏன் இன்னும் உழுகிறார்கள்?

2023 மே 1, முற்பகல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தெற்கே, இன்டர்ஸ்டேட்-55 நெடுஞ்சாலையில் வாகனங்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வயல்களிலிருந்து எழுந்த புழுதி திடீரென்று சாலையை மூடியது. முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக 72 வாகனங்கள் மோதின. குறைந்தது 7 பேர் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 மே 16 அன்று, அமெரிக்க தேசிய வானிலை சேவை சிகாகோ நகரத்துக்குப் புழுதிப் புயல் எச்சரிக்கை விடுத்தது. அந்த நகரத்துக்கு அப்படி ஓர் எச்சரிக்கை வந்தது அதுவே முதல் முறை. பாலைவனத்திலிருந்து வந்த மணல் இல்லை அது. இல்லினாயின் வறண்ட வயல்களிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த மண்.

இரண்டும் நடந்தது மே மாதத்தில். அங்கே மக்காச்சோளமும் சோயாவும் விதைக்கும் பருவம் அது. பயிர் இன்னும் தலைதூக்கியிருக்காது. உழுது, கட்டி உடைத்து, மாவு மாதிரி ஆக்கிய மண் வெயிலில் காய்ந்து கிடக்கும். பலத்த காற்று ஒன்று வந்தால் போதும்.

இதற்கு மாற்று வழி ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. உழாமலே விதைக்கும் முறை 60 ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ளது. அதற்கென்றே கோடிக்கணக்கான ரூபாய் விலையில் ராட்சத இயந்திரங்கள் வந்துவிட்டன. பிறகும் பெரும்பாலான மக்காச்சோள வயல்களில் ஏதோ ஒரு வகை உழவு நடக்கிறது. ஏன்?

பதில் வயலின் மேலேயே கிடக்கிறது: போன வருடத்துத் தட்டை.

முதலில், ‘நோ-டில்’ என்றால் என்ன?

‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். நோ-டில் முறையில் ஏர், கலப்பை, ரொட்டவேட்டர் எதுவும் நிலத்தில் இறங்காது. அறுவடை முடிந்ததும் தட்டை, தோகை, சக்கை எல்லாம் வயலிலேயே கிடக்கும். அடுத்த பருவத்தில் விதைப்புக் கருவி அந்தக் குப்பையை வரிசையாகக் கீறி, விதை விழும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு சாலைத் திறந்து, விதையைப் போட்டு, மூடிவிட்டுப் போகும். மற்ற மண்ணை யாரும் தொடுவதில்லை.

இதனால் என்ன லாபம்? மேலே கிடக்கும் தட்டை ஒரு போர்வை. காற்று மண்ணைத் தூக்க முடியாது. மழைத்துளி நேரடியாக மண்ணில் அறைந்து கரைத்துக்கொண்டு போகாது. கோடையில் ஈரம் தங்கும். மண்புழுவும் வேரும் போட்ட துளைகள் அப்படியே இருப்பதால் தண்ணீர் கீழே இறங்கும். டீசலும் மிச்சம். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, வழக்கமான உழவை முழுமையாகக் கைவிட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு சுமார் 4 காலன், அதாவது 15 லிட்டர் டீசல் மிச்சமாகும்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா கற்றது எளிதாக இல்லை. 1930-களுக்கு முந்தைய ஆண்டுகளில் சமவெளி மாநிலங்களின் புல்வெளிகளை உழுது கோதுமை போட்டார்கள். வறட்சி வந்ததும் மண் பறந்தது. 1934 மே மாதம் அந்தப் புழுதி நியூயார்க், வாஷிங்டன் வரை போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றம் மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஹியூ ஹாமண்ட் பென்னட் தலைமையில் அதற்கென்று தனித் துறையே உருவானது.

உழாமல் விதைப்பதை வணிக அளவில் முதலில் செய்து காட்டியவர் என்று அறியப்படுபவர் கென்டக்கி மாநில விவசாயி ஹாரி யங். 1962-இல் ஹெர்ன்டன் என்ற ஊரில் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் தொடங்கினார். ஏர் செய்துவந்த களையெடுப்பு வேலையைச் செய்ய அப்போதுதான் ரசாயனக் களைக்கொல்லிகள் வந்திருந்தன.

60 ஆண்டுகள் கழித்து நிலவரம் என்ன? 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 10 கோடி ஏக்கருக்கு மேல் உழாமல் பயிர் செய்யப்படுகிறது. கேட்க பெரிய எண்தான். ஆனால் 2017 கணக்கெடுப்பிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது. அதிலும் சோயாவில் நோ-டில் அதிகம், மக்காச்சோளத்தில் குறைவு.

வெற்றியே தலைவலியான கதை

1930-களில் அமெரிக்க மக்காச்சோள மகசூல் ஏக்கருக்கு 25 புஷல் அளவில் இருந்தது. இன்று தேசிய சராசரி 180 புஷலை ஒட்டி நிற்கிறது. ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ. ஆக, ஏக்கருக்கு சுமார் 4,500 கிலோ மணி.

மக்காச்சோளச் செடியின் காய்ந்த எடையில் பாதி மணி, மீதிப் பாதி தட்டை, தோகை, சக்கை. அதாவது மகசூல் ஏறும்போது குப்பையும் கூடவே ஏறும். 180 புஷல் விளைந்த வயலில் ஏக்கருக்கு சுமார் 4 டன் காய்ந்த தட்டை கிடக்கும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. 1,000 ஏக்கர் பண்ணை என்றால் 4,000 டன்.

சோயாவின் மிச்சம் லேசானது, சீக்கிரம் மக்கிவிடும். மக்காச்சோளத் தட்டை அப்படியில்லை. தடியானது, காற்றில் சாயாமல் நிற்பதற்காகவே உறுதியாக வளர்க்கப்பட்டது. இன்னொரு பிரச்சினை குளிர். அக்டோபரில் அறுவடை, ஏப்ரல் நடுவில் அடுத்த விதைப்பு. இடையில் இருப்பது மண் உறைந்துபோகும் குளிர்காலம். நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தாலும் தட்டை கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும்.

சோயா போட்ட நிலத்தில் அடுத்த வருடம் உழாமல் மக்காச்சோளம் விதைப்பது அதனால்தான் எளிது. மக்காச்சோளத்தின் மேல் மீண்டும் மக்காச்சோளம் விதைப்பதுதான் கடினம். இந்தத் தட்டைப் போர்வை மண்ணைக் காப்பாற்றுகிறது, அதே நேரத்தில் விதைக்கு மூன்று தொல்லைகளைத் தருகிறது.

ஒன்று, குளிர். மக்காச்சோளம் முளைக்க மண்ணின் வெப்பம் குறைந்தது 10 டிகிரி செல்சியஸ் வேண்டும். தட்டை வெயிலை மறைக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உழுத கரும்புலத்தோடு ஒப்பிட்டால் வசந்த காலத்தில் இந்த மண் சில டிகிரி குளிர்ந்தே கிடக்கும். கோடையில் வரமான ஈரம், ஏப்ரலில் சாபம்.

இரண்டு, தழைச்சத்துப் பஞ்சம். தட்டையில் கரிமம் அதிகம், நைட்ரஜன் ரொம்பக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இளம்பயிர் பசியோடு மஞ்சளாக நிற்கும்.

மூன்று, விதை சரியான இடத்தில் விழாமல் போவது. இயந்திரப் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதில்தான்.

‘கொண்டை ஊசி’ சிக்கல்

விதைப்புக் கருவியின் ஒவ்வொரு வரிசையிலும் ‘வி’ வடிவில் சாய்ந்த இரண்டு எஃகு வட்டுகள் இருக்கும். அவை மண்ணைக் கிழித்து சால் போடும். வட்டு கூராக இருந்து, கீழே மண் கெட்டியாக இருந்தால் தட்டை இரண்டாக வெட்டுப்படும். வட்டு மழுங்கியிருந்தாலோ, தட்டை நனைந்து நமத்துப் போயிருந்தாலோ வெட்டுப்படாது. மடிந்து, வளைந்து, அப்படியே சாலுக்குள் அமுங்கும். பார்க்கக் கொண்டை ஊசி மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் இதன் பெயரே ‘ஹேர்பின்னிங்’.

விதை அந்த மடிந்த தட்டையின் மேல் விழும். மண்ணைத் தொடாது. மண்ணைத் தொடாத விதைக்கு ஈரம் போகாது. பக்கத்து விதை முளைத்து இரண்டு இலை விட்டபோது இது இன்னும் கிடக்கும்.

கொஞ்சம் தாமதமாக முளைத்தால் என்ன, குடியா முழுகிவிடும்? மக்காச்சோளத்தில் அப்படித்தான் ஆகிறது. சோயா வரிசையில் ஓர் இடம் காலியானால் பக்கத்துச் செடி கிளை விட்டு நிரப்பும். மக்காச்சோளம் பெரும்பாலும் ஒற்றைத் தண்டு, ஒரு கதிர். முந்தி முளைத்த செடி வெயிலையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். பிந்தி முளைத்தது நிழலில் சோனியாக வளர்ந்து, சின்னக் கதிர் விட்டு, கிட்டத்தட்ட ஒரு களையாகவே காலம் தள்ளும். ஏக்கருக்கு 34,000 விதை போட்டாலும், எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்தால்தான் மகசூல்.

உழுத நிலத்தில் இந்த ஒற்றுமை எளிதாகக் கிடைத்துவிடும். விவசாயி உழவை விட முடியாததற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. ஒரே சீரான முளைப்புக்கு உழவு ஒரு காப்பீடு.

ராட்சத இயந்திரம் என்ன செய்கிறது?

இன்றைய பெரிய விதைப்புக் கருவிகள் ஊர்த் தெருவுக்குள் நுழையாது. ஜான் டீர் நிறுவனத்தின் ‘டிபி120’ ரகத்தின் அகலம் 120 அடி. ஒரே ஓட்டத்தில் 48 வரிசை. ஆனால் தட்டை நிறைந்த வயலில் வெற்றியை முடிவு செய்வது இந்த அகலம் அல்ல. ஒவ்வொரு வரிசையிலும் மாட்டியிருக்கும் நான்கு சின்ன விஷயங்கள்தான்.

முன்னால் ஓடுவது பல் வைத்த இரட்டைச் சக்கரம். வேலை எளிது: விதை விழப்போகும் கோட்டிலிருந்து தட்டையை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளுவது. நுணுக்கம் என்னவென்றால், அது தட்டையை நகர்த்த வேண்டும், மண்ணைத் தோண்டக் கூடாது. ரொம்ப இறக்கினால் பள்ளம் விழும். ரொம்பத் தூக்கினால் தட்டை அப்படியே கிடக்கும்.

அடுத்தது வெட்டும் வட்டு. புதிதாக இருக்கும்போது 15 அங்குல விட்டம் உள்ள வட்டு, அரை அங்குலம் தேய்ந்துவிட்டாலே மாற்ற வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்தான். ஆனால் கொண்டை ஊசிக்கும் சுத்தமான சாலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அரை அங்குலம்.

மூன்றாவது, அழுத்தம். விதை சுமார் 2 அங்குல ஆழத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழ வேண்டும். உழாத நிலத்தில் ஓர் இடம் கெட்டி, ஓர் இடம் மெத்து. போன வருடம் அறுவடை இயந்திரம் போன தடம் இன்னும் கெட்டி. பழைய கருவிகளில் ஸ்பிரிங் இருந்தது, ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். இப்போது ஹைட்ராலிக் உருளைகள் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக, போகிற போக்கிலேயே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் சாலுக்குள்ளேயே அளக்கும் உணரிகளும் வந்துவிட்டன.

கடைசியாக, மூடும் சக்கரங்கள். உழுத மண் தானாகச் சரிந்து மூடிக்கொள்ளும். உழாத மண் அப்படி விழாது. அதனால் பல் வைத்த சக்கரங்களால் சாலின் ஓரத்தை உடைத்து மூடுகிறார்கள். ஈரம் அதிகமாக இருக்கும்போது அவசரப்பட்டு விதைத்தால், வட்டு சாலின் சுவரை மண்பானை மாதிரி மெழுகிவிடும். நான்கு நாள் வெயில் அடித்ததும் சால் வாயைப் பிளக்கும். வேர் பக்கவாட்டில் போக முடியாமல் தவிக்கும்.

இதற்கெல்லாம் மேலே செயற்கைக்கோள் வழிகாட்டல். சில சென்டிமீட்டர் துல்லியத்தில் டிராக்டர் தானே ஓடுவதால், போன வருட வரிசைக்கு நடுவில் இந்த வருட வரிசையைப் போட முடிகிறது. பழைய தட்டையின் அடிக்கட்டை மேல் ஏறாமல் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

வேகம் வரமா, எடை சாபமா?

சில கருவிகள் மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வேகத்தில் விதைக்கும் என்று விற்கப்படுகின்றன. 24 வரிசைக் கருவி ஒன்று அந்த வேகத்தில் ஓடினால் ஒரு வரிசையில் விநாடிக்கு 28 விதை. மொத்தமாக விநாடிக்கு 680-க்கும் மேல். நிற்காமல் ஓடினால் மணிக்கு 70 ஏக்கர்.

தட்டை அடர்ந்த வயலில் அந்த வேகம் எப்போதும் சரிப்படாது. கருவி குதித்தால் ஆழம் மாறும், குப்பை ஒதுங்காமல் சிதறும். அனுபவசாலிகள் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பெரிய இயந்திரத்தின் உண்மையான பலன் வேறு: காத்திருக்க முடிவது. 20 நாள் வேலையை 5 நாளில் முடிக்க முடிந்தால், மண் பதம் வரும்வரை பொறுக்கலாம். குளிர்ந்து, தாமதமாகக் காயும் உழாத நிலத்துக்கு இது பெரிய உதவி.

ஆனால் அதே இயந்திரம் எடையையும் கொண்டு வருகிறது. விதை, திரவ உரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிரப்பிய கருவியும் அதை இழுக்கும் டிராக்டரும் சேர்ந்தால் பல பத்து டன். ஓர் அச்சில் 10 டன்னுக்கு மேல் எடை ஏறினால் மண் இறுக்கம் உழவு எட்டாத ஆழத்துக்கும் போகும் என்பது வேளாண் விரிவாக்க நிபுணர்கள் பல காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. உழும் விவசாயி மேல்மண் இறுக்கத்தையாவது கலப்பையால் உடைத்துக்கொள்வார். நோ-டில் விவசாயிக்கு அந்த வசதியும் கிடையாது. அதனால்தான் டயருக்குப் பதில் ரப்பர் பட்டைகள், ஒரே தடத்தில் எல்லா வண்டியையும் ஓட்டுவது போன்ற ஏற்பாடுகள்.

டயர் இன்னொரு தொல்லை. அறுத்த தட்டையின் அடிக்கட்டை சாய்வாக வெட்டுப்பட்டு ஈட்டி மாதிரி நிற்கும். விலை உயர்ந்த டிராக்டர் டயர்களை அது குத்திக் கிழிக்கிறது. முன்னால் அடிக்கட்டையை மிதித்துச் சாய்க்க ஒரு தனிக் கருவியே விற்கிறார்கள்.

விதைப்பு தொடங்குவது அறுவடையில்

இவ்வளவு கருவி இருந்தும் தோற்பவர்கள் எங்கே தோற்கிறார்கள்? பல சமயம் ஆறு மாதம் முன்பே, அறுவடை நாளில்.

அறுவடை இயந்திரம் 30, 40 அடி அகலத்தில் அறுத்து உள்ளே இழுக்கிறது. சக்கையையும் தோகையையும் பின்னால் துப்புகிறது. அதை அதே அகலத்துக்குச் சீராகப் பரப்பாவிட்டால், நடுவில் மெத்தை மாதிரி ஒரு பட்டையும் ஓரத்தில் வெறும் மண்ணும் இருக்கும். ஒரே வயலில் இரண்டு வகை நிலம். அடுத்த ஏப்ரலில் எந்த அளவில் கருவியை அமைத்தாலும் பாதி வயலுக்குத் தப்பாகத்தான் போகும்.

எவ்வளவு உயரத்தில் அறுப்பது என்பதும் கணக்குத்தான். பொடியாக நறுக்கினால் சீக்கிரம் மக்கும் என்று தோன்றும். ஆனால் பொடித்த தட்டை மழையில் மிதந்து ஒரு மூலையில் போய்க் குவியும், அல்லது பாய் மாதிரி படிந்து மண்ணைக் காய விடாது. வேரோடு நிற்கும் அடிக்கட்டை நகராது. இடையில் காற்றும் வெயிலும் புகும். பல நோ-டில் விவசாயிகள் தட்டையை நிற்க விடுவது அதனால்தான். நைட்ரஜன் பஞ்சத்துக்கும் ஒரு வழி உண்டு: விதைக்கும்போதே வரிசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தழைச்சத்து.

சரி, மகசூல் குறையுமா?

இதில் இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிராகத் தெரியும். 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 63 நாடுகளின் 610 சோதனை ஆய்வுகளைத் தொகுத்தது. நோ-டில் முறையில் மகசூல் சராசரியாக 5.7% குறைகிறது என்றது. தட்டையை வயலில் விட்டு, பயிரையும் சுழற்றினால் அந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது, வறண்ட மானாவாரிப் பகுதிகளில் மகசூல் கூடவும் செய்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது.

2019-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து அமெரிக்க மக்காச்சோள மண்டலத்தையே அளந்தார்கள். குறைந்த உழவை நீண்ட காலம் கடைப்பிடித்த வயல்களில் மக்காச்சோள மகசூல் சராசரியாக 3.3% கூடியிருந்தது. முழுப் பலன் கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இரண்டும் முரண் அல்ல. முதல் சில ஆண்டுகளில் அடி விழலாம், மண் மாறிய பிறகு பலன் வரலாம். கேள்வி, அந்த முதல் சில ஆண்டுகளை யார் தாங்குவது என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 180 புஷலில் 5% போனால் 9 புஷல். ஒரு புஷல் 4 டாலர் என்று வைத்தால் ஏக்கருக்கு 36 டாலர் நஷ்டம். மிச்சமாகும் 4 காலன் டீசல் அதில் பாதியைக்கூட ஈடுகட்டுவது கடினம். டிராக்டர் தேய்மானம், ஆள் கூலி எல்லாம் சேர்த்தால்தான் தட்டு சமமாகும்.

இப்போது நிலம் யாருடையது என்று பாருங்கள். அயோவாவில் பாதிக்கும் மேற்பட்ட விவசாய நிலம் குத்தகையில் ஓடுகிறது. அடுத்த ஆண்டு குத்தகை நீடிக்குமா என்று தெரியாத ஒருவர், பத்தாவது ஆண்டில் வரும் பலனுக்காக முதல் ஆண்டு நஷ்டத்தை ஏற்பாரா? மண் நில உரிமையாளருடையது, மகசூல் குத்தகைதாரருடையது, புழுதி நெடுஞ்சாலையில் போகிறவருடையது. இந்த மூன்று கணக்கும் ஒரே நோட்டில் எழுதப்படுவதில்லை.

மண்ணின் கணக்கோ ஏற்கெனவே கடனில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மக்காச்சோள மண்டலத்தின் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலம் கரிமம் நிறைந்த மேல்மண்ணை முழுவதுமாக இழந்துவிட்டது.

களைக்கொல்லி இல்லாமல் முடியுமா?

நோ-டில் முறையின் பலவீனம் இது. ஏர் செய்த களை வேலையை இப்போது கிளைஃபோசேட் போன்ற மருந்துகள் செய்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் அந்த மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றப் பயிர்கள் வந்த பிறகு நோ-டில் பரவ அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில், அதற்குச் சாகாத களைகள் பெருகிவிட்டன. வாட்டர்ஹெம்ப், பால்மர் அமராந்த் இரண்டும் நம் ஊர் தண்டுக்கீரையின் உறவுக்காரச் செடிகள். மருந்து வேலை செய்யாத வயலில் சிலர் மறுபடியும் கலப்பையை இறக்குகிறார்கள். குளிர்காலத்தில் கம்புப்புல் போன்ற மூடுபயிர் போட்டு களையை அமுக்குவது இன்னொரு வழி, செலவும் வேலையும் கூடும்.

அரசு என்ன செய்கிறது?

இல்லினாயும் அயோவாவும் மூடுபயிர் போடும் விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டில் ஏக்கருக்கு 5 டாலர் தள்ளுபடி தருகின்றன. எத்தனால் வழியாகவும் ஒரு தூண்டில் உண்டு. அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. 2024-இல் விமான எரிபொருள் வரிச்சலுகைக்கான விதிகளை வெளியிட்ட அமெரிக்கக் கருவூலத் துறை, உழாமை, மூடுபயிர், மேம்பட்ட நைட்ரஜன் உரம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்த வயலின் மக்காச்சோளத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தது.

எதிர்த்திசையிலும் காற்று அடிக்கிறது. இது போன்ற முறைகளுக்கு உதவ 2022-இல் தொடங்கப்பட்ட, 300 கோடி டாலருக்கு மேற்பட்ட காலநிலை வேளாண் திட்டத்தை 2025 ஏப்ரலில் வேளாண் துறை ரத்து செய்தது. சிகாகோவில் புழுதிப் புயல் எச்சரிக்கை ஒலித்தது அதற்கு அடுத்த மாதம்.

நடுவழி ஒன்று

இழுபறிக்கு நடுவே வளர்ந்துவருவது ‘ஸ்ட்ரிப்-டில்’ எனும் கீற்று உழவு. விதை விழும் இடத்தில் மட்டும் 6 முதல் 10 அங்குல அகலத்துக்குக் கீற்றாக உழுவது, மீதி நிலத்தில் தட்டையை அப்படியே விடுவது. அந்தக் கீற்று வெயிலில் சூடாகும், விதை ஒரே சீராக முளைக்கும், உரமும் அங்கேயே விழும். நிலத்தின் பெரும்பகுதி மூடியே இருக்கும். செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்த பிறகுதான் இது எளிதானது. இலையுதிர் காலத்தில் உழுத கீற்றின் நட்டநடுவில் ஏப்ரலில் விதை விழ வேண்டுமே!

இந்தக் கதை அமெரிக்காவோடு முடிகிறதா?

டெல்லியின் குளிர்காலப் புகைக்குப் பின்னாலும் ஒரு பங்கு இதே சிக்கல்தான். பஞ்சாபில் நெல் அறுத்து கோதுமை விதைக்க மிகக் குறைந்த நாட்களே இருக்கும். வைக்கோலை எரிக்காமல் அதற்குள்ளேயே விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ கருவி பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. அங்கேயும் அதே பாடம்: அறுவடை இயந்திரத்தில் வைக்கோலைச் சீராகப் பரப்பும் அமைப்பு இல்லாவிட்டால், பின்னால் வரும் விதைப்புக் கருவி திணறும்.

காவிரிப் படுகையிலோ இது பழைய பழக்கம். சம்பா, தாளடி அறுவடைக்கு சுமார் ஒரு வாரம் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். ஏரும் இல்லை, தண்ணீர் பாய்ச்சலும் இல்லை. மண்ணில் இருக்கும் ஈரத்திலேயே உளுந்து விளையும். அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு, சக்கரத் தடமும் குவியும் வைக்கோலும் அந்த உளுந்துக்கு இடைஞ்சலாகிவிட்டன. இல்லினாய் விவசாயியும் தஞ்சை விவசாயியும் வேறு வேறு அளவில் ஒரே கேள்வியைத்தான் சமாளிக்கிறார்கள்.

இனி என்ன?

விதையைத் தட்டைக்குள் சரியாக நடும் பிரச்சினையை இயந்திரம் பெருமளவு தீர்த்துவிட்டது. குளிர்ந்த மண், சாகாத களை, முதல் சில ஆண்டு நஷ்டம், ஓராண்டுக் குத்தகை: இவற்றைத் தீர்க்க எந்த இயந்திரமும் வரப்போவதில்லை. அது பயிர்ச் சுழற்சி, குத்தகை ஒப்பந்தம், காப்பீடு, அரசுக் கொள்கை ஆகியவற்றின் வேலை.

அதுவரை ஒவ்வொரு ஏப்ரலிலும் மத்திய மேற்கு மாநிலங்களில் பெரும்பரப்பு நிலம் உழப்பட்டு, சில வாரங்கள் வெறுமையாகக் கிடக்கும். அந்தச் சில வாரங்களில் மழை வருமா, காற்று வருமா என்பதைப் பொறுத்திருக்கிறது, நெடுஞ்சாலையில் அடுத்து என்ன நடக்கும் என்பது.